எச்3-இல் வைத்த பிஷப்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே லினாரெஸ் என்றொரு ஊர். ஈயச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஊர் அது. செஸ் ஆடுகிறவர்களுக்கு அங்கே ஆண்டுதோறும் நடந்த போட்டிதான் நினைவுக்கு வரும். 1998-ஆம் ஆண்டு அந்தப் போட்டியை வென்றவர் நம் விஸ்வநாதன் ஆனந்த். ஆனாலும் அந்த ஆண்டின் லினாரெஸ் என்று சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டாம் இடம் பெற்ற அலெக்ஸி ஷீரோவ் ஆடிய ஒரே ஒரு நகர்த்தல்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வெசெலின் டோபலோவ். ஆட்டம் 47-ஆவது நகர்த்தலுக்கு வந்திருந்தது. பலகையில் காய்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. கறுப்பு ஆடிய ஷீரோவிடம் ராஜா, ஒரு பிஷப், நான்கு சிப்பாய்கள். வெள்ளை ஆடிய டோபலோவிடம் ராஜா, ஒரு பிஷப், இரண்டு சிப்பாய்கள். இரண்டு சிப்பாய் கூடுதல் என்றால் வெற்றி உறுதி என்று தோன்றும். ஆனால் ஒருவர் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது, மற்றவர் பிஷப் கறுப்புக் கட்டங்களில் ஓடுவது. ஒன்றையொன்று தொடவே முடியாது. இப்படிப்பட்ட முடிவாட்டங்களில் இரண்டு சிப்பாய் குறைவாக வைத்திருப்பவரும் கட்டங்களை அடைத்துக்கொண்டு டிரா செய்துவிடுவது வழக்கம்.

ஷீரோவ் தன் பிஷப்பை எஃப்5-இலிருந்து எடுத்து எச்3-இல் வைத்தார். பக்கத்திலேயே ஜி2-இல் வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது. அது பிஷப்பை அப்படியே வெட்டிக்கொள்ளலாம். பதிலுக்கு ஷீரோவுக்கு ஒரு காயும் கிடைக்காது, ஒரு செக்கும் கிடையாது. கடைசி பெரிய காயைத் தட்டில் வைத்துக் கொடுப்பது போல இருந்தது.

காரணத்தைப் பலகையில் அடுக்கிப் பார்த்தால்தான் மனதில் தங்கும். கறுப்பு ராஜா நிற்பது இ6-இல். அது இ4-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், ஏ4-இலும் டி5-இலும் நிற்கும் இரண்டு சிப்பாய்களையும் ராணியாக்க வழி பிறக்கும். போகும் பாதை எஃப்5. அந்தக் கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்பது அவருடைய சொந்த பிஷப். அதை எங்காவது நகர்த்தினால் பாதை திறக்கும். ஆனால் அந்த ஒரு அடிக்குள் வெள்ளை ராஜா எஃப்2-க்கு வந்துவிடும். கறுப்பு ராஜா எஃப்5-க்கு வரும்போது வெள்ளை ராஜா இ3-ஐப் பிடித்துக் கதவைச் சாத்திவிடும். ஆக, பிஷப் விலகவும் வேண்டும், விலகும்போதே எதிராளியின் ஒரு அடியையும் விழுங்க வேண்டும், ராஜா போகவேண்டிய இ4-ஐ அடைக்காமலும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நிறைவேற்றும் கட்டம் பலகையில் எச்3 ஒன்றுதான். சிப்பாய் பிஷப்பை வெட்டினால் அதற்கே வெள்ளையின் ஒரு அடி போய்விடுகிறது. வெட்டாமல் ராஜாவை எஃப்3 வரை நகர்த்திக்கொண்டு வந்தாலோ, பிஷப் ஜி2 சிப்பாயைச் செக்கோடு வெட்டும். அதைத் திரும்ப வெட்ட வெள்ளை ராஜா பின்னால் போக வேண்டும். கறுப்பு ராஜா இ4-இல் ஏறிவிடும்.

டோபலோவ் வெட்டினார். கறுப்பு ராஜா எஃப்5, இ4, டி3, சி4, பி3 என்று நடந்தது. 53-ஆவது நகர்த்தலில் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அன்றைய செஸ் எஞ்சின்களுக்கு, அதாவது செஸ் ஆடும் கணினி நிரல்களுக்கு, இந்த நகர்த்தல் எட்டவில்லை. அதன்பிறகு பல ஆண்டுகள், புதிதாக ஒரு எஞ்சின் வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் எடுக்கும் நிலைகளில் ஒன்றாகவே இது இருந்தது. எஞ்சின்கள் காய்ப் பேராசை பிடித்தவை, அதனால் பலி கொடுக்க மனம் வராது என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஞ்சினுக்கு ஆசையும் இல்லை, அச்சமும் இல்லை. ‘பலி’ என்ற பெயரில் அதன் நிரலில் தனி வகை ஏதும் இல்லை. பிஷப்பை எச்3-இல் வைப்பதும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதும் அதன் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள். அது தடுமாறும் இடம் வேறு. எதைப் பார்க்காமல் விடுவது என்று தெரிந்துகொண்டதால்தான் எஞ்சின் வேகமானது. பார்க்காமல் விட்டவற்றின் குவியலில்தான் எச்3-உம் கிடந்தது.

எண்களைப் பார்த்தால் இது புரியும். நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆளுக்கு ஐந்து முறை ஆடினால் பத்து அரை நகர்த்தல். கிளைகள் 35-ஐப் பத்து முறை பெருக்கிய எண்ணிக்கையில் விரியும்: 27 கோடி கோடிக்கும் மேல். 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கக்கூடியது. அதுவும் இந்தக் குவியலை ஒன்றுவிடாமல் எண்ணி முடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். கிளாட் ஷானன் 1950-இல் வெளியான தன் கட்டுரையில், முழு ஆட்டத்தின் சாத்தியங்கள் 1-க்குப் பின்னால் 120 பூஜ்ஜியம் போட்ட அளவில் இருக்கும் என்று கணித்தார். எல்லாவற்றையும் பார்ப்பது என்ற பேச்சுக்கே அப்போதே இடமில்லாமல் போயிற்று.

முதல் மிச்சம் ஆல்ஃபா-பீட்டா என்ற வழியில் வந்தது. வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள். ஓரளவு பிடித்த வீடு ஒன்று கைவசம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்குப் போகிறீர்கள். கோடையில் தண்ணீர் வராது என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. சமையலறை எப்படி, மாடியில் காற்று வருமா என்று பார்க்கத் தேவையில்லை. இந்த வீடு எவ்வளவு மோசம் என்று அளக்கவும் வேண்டியதில்லை. கையில் இருப்பதைவிட மோசம் என்பது போதும். எஞ்சினும் அப்படித்தான். ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் வலுவான பதில் ஒன்று கிடைத்ததும், அதைவிட வலுவான பதில் உண்டா என்று தேடாமல் அடுத்த நகர்த்தலுக்குப் போய்விடும். இதில் இழப்பு எதுவும் இல்லை. முழுத் தேடல் தரும் அதே விடையைத்தான் தரும். நல்ல நகர்த்தல்கள் எப்போதும் முதலில் வந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை டொனால்ட் நூத், ரொனால்ட் மூர் இருவரும் 1975-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மேலே சொன்ன 27 கோடி கோடி வெறும் பத்தரைக் கோடியாகச் சுருங்கிவிடும். டீப் புளூவுக்கு அது ஒரு நொடிக்குள் முடிகிற வேலை.

‘நல்ல நகர்த்தல்கள் முதலில் வந்தால்’ என்ற அந்த நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எது நல்லது என்று முன்கூட்டியே தெரிந்தால் தேடலே எதற்கு? ஆகவே எஞ்சின் குத்துமதிப்பாக வரிசைப்படுத்துகிறது. குறைவான ஆழத்தில் தேடிய சென்ற சுற்றில் நன்றாக இருந்தது முதலில். அதன்பின் லாபமான வெட்டுகள். பிறகு, தேடலின் வேறு கிளைகளில் பலன் தந்த நகர்த்தல்கள். ஒரு காயைச் சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைக்கும் நகர்த்தல், எந்த வகையில் பார்த்தாலும், வரிசையின் வாலில்தான் நிற்கும்.

வாலில் நிற்பதால் மட்டும் கெட்டுவிடாது. அடுத்து வந்த மிச்சங்கள்தான் உண்மையாகவே எதையோ இழந்து வாங்கியவை. இன்றைய எஞ்சின்கள் வரிசையின் முன்னால் நிற்பவற்றை முழு ஆழத்துக்குத் தேடும். பின்னால் போகப் போக ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வரும். முதல் நகர்த்தலை 24 அரை நகர்த்தல் தூரம் பார்த்தால், முப்பதாவதை 18 வரை பார்ப்பது போல. குறைந்த ஆழத்திலேயே ஏதாவது நல்லது தென்பட்டால் திரும்ப வந்து முழுதாகப் பார்க்கும். தென்படாவிட்டால் போனது போனதுதான். எச்3-க்கு ஆன கதி இதுதான். குறைந்த ஆழத்தில் தெரிவது ஒரு பிஷப் போனது மட்டுமே. அதோடு நிற்கவில்லை. அடுத்து வரும் ராஜா நடையும் வெட்டு இல்லாத, செக் இல்லாத அமைதியான நகர்த்தல். அதுவும் பின்வரிசையில் விழ வாய்ப்பு உண்டு. அதற்கடுத்த சிப்பாய் நடையும் அப்படியே. ஒவ்வொரு படியிலும் ஆழம் தேய்கிறது. பிஷப்பை வைத்ததிலிருந்து டோபலோவ் விலகியது வரை 13 அரை நகர்த்தல்கள்தான். அங்கிருந்து சிப்பாய் ராணியாக இன்னும் சில. ஆனால் தேய்மானத்தைச் சேர்த்தால், அதை எட்டிப் பிடிக்க எஞ்சின் பெயரளவில் அதைவிட மிக ஆழமாக இறங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு உத்தி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, இந்த நிலைக்கு மிகவும் கேடு செய்வதும் அதுதான். ஒரு பக்கம் தன் முறையை ஆடாமல் விட்டுக்கொடுத்து, எதிராளியே இரண்டு முறை தொடர்ந்து ஆடினாலும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த நிலை அவ்வளவு நன்றாக இருக்கிறது. மேலே ஆராய வேண்டாம் என்று எஞ்சின் முடிவு கட்டும். இந்தச் சோதனையையும் குறைந்த ஆழத்தில்தான் செய்யும். எத்தனை அழகான யோசனை பாருங்கள்! ஆனால் ஷீரோவின் நிலையில் பந்தயப் பொருளே அந்த ஒரு அடிதான். பிஷப்பை வெட்டிவிட்ட வெள்ளை ஒரு முறை சும்மா இருந்து பார்க்கிறது. கறுப்பு ராஜா ஒரு கட்டம் முன்னேறுகிறது. குறைந்த ஆழத்தில் அதன் ஆபத்து தெரியாது. காய்க் கணக்கில் வெள்ளை இன்னும் முன்னிலை. சரி, இந்தக் கிளை வெள்ளைக்குச் சாதகம் என்று எழுதி மூடிவிடும்.

செக் மேல் செக் வைத்து விரட்டும் பலிகள் இப்படி எஞ்சினைச் சுற்றவிடுவதில்லை. செக் வந்தால் எதிராளிக்கு இருக்கும் பதில்கள் ஒன்றோ இரண்டோ, கிளை விரியாது. அந்தப் பாதைகளில் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் பழைய எஞ்சின்களிலேயே உண்டு. ஒரே ஒரு பதில்தான் தாங்குகிறது, மற்றதெல்லாம் சரிகிறது என்று தெரிந்தால் அந்தப் பதிலின் பாதையை இன்னும் ஓர் அடி நீட்டிப் பார்க்கும் முறையை, டீப் புளூவுக்கு முன்னோடியான டீப் தாட் குழுவினர் உருவாக்கினார்கள். ராணியைக் கொடுத்து நாலு நகர்த்தலில் மேட் செய்வது நமக்குக் கைதட்ட வைக்கும் ஆட்டம். எஞ்சினுக்கு அது மிகச் சுலபமான கணக்கு. அமைதியான பலிதான் கடினம். இந்த வேறுபாட்டை, செஸ் பற்றி நன்றாக எழுதுகிறவர்கள்கூடச் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை ஆழம் போனாலும் ஓரிடத்தில் நிறுத்தி, ‘இப்போது யார் நன்றாக இருக்கிறார்கள்’ என்று ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். வெட்டுகள் பாதியில் நிற்கும்போது எண்ணினால் தவறாகும் என்பதால், வெட்டுகள் ஓயும்வரை மட்டும் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணும். ராணி 9, யானை 5, பிஷப்பும் குதிரையும் 3, சிப்பாய் 1 என்பது ஷானனும் எடுத்துக்கொண்ட பழைய கணக்கு. அதன்மேல் ராஜாவின் பாதுகாப்பு, தடையின்றி ஓடும் சிப்பாய், யானைக்குத் திறந்த வழி என்று சிறு சிறு கூட்டல்களை மனிதர்கள் கையால் எழுதிச் சேர்த்தார்கள். ஷீரோவின் பிஷப் வெட்டப்பட்ட பிறகு இந்தக் கணக்கில் வெள்ளைக்கு 5, கறுப்புக்கு 4. எஃப்6 சிப்பாயும் போனபின் 5-க்கு 3. இரண்டு சிப்பாய்களும் பிரிந்து ஓடுவதற்குக் கூட்டல் மதிப்பெண் உண்டு. ஒரு பிஷப்பை ஈடுகட்டும் அளவுக்கு அதை யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

1997-இல் நியூயார்க்கில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லவேண்டும். மே 11, காஸ்பரோவுக்கும் டீப் புளூவுக்கும் ஆறாவது ஆட்டம். காரோ-கான் தொடக்கத்தில் காஸ்பரோவ் ஏழாவது நகர்த்தலாக எச்6-க்குச் சிப்பாயைத் தள்ளினார். எதிரே மனிதர் இருந்தால் குதிரையைக் கொடுத்துத் தாக்குவார் என்று புத்தகம் படித்த எவருக்கும் தெரியும். டீப் புளூ குதிரையை இ6-இல் பாய்ச்சிச் சிப்பாயை வெட்டியது. 19 நகர்த்தலில் காஸ்பரோவ் தோற்றார். இயந்திரம் துணிந்து பலி கொடுத்தது என்று அன்று உலகமே பேசியது. உண்மையில் அந்த நகர்த்தலை அது கணக்கிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அதன் தொடக்க நூலில் குழுவினர் எழுதி வைத்திருந்தார்கள். இயந்திரம் எடுத்து ஆடியது.

கொடுத்த காய்க்குப் பதிலாகக் கிடைக்கும் ஈட்டின் மதிப்பை எஞ்சின் தானாகவே உணரத் தொடங்கியது மதிப்பீடு கைமாறிய பிறகுதான். 2018-இல் ஜப்பானில் யூ நாசு என்பவர் ஷோகி ஆட்டத்துக்காக ஒரு சிறிய நரம்பு வலையமைப்பை உருவாக்கினார். என்என்யூஇ என்பது அதன் சுருக்கப்பெயர். ராஜா எங்கே நிற்கிறது, மற்ற ஒவ்வொரு காயும் எங்கே நிற்கிறது என்ற ஜோடிகளை உள்ளே வாங்கி ஓர் எண்ணை வெளியே தரும். கையால் எழுதிய சூத்திரத்தைவிட நரம்பு வலை மெதுவானது. நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்க்கும் தேடலோடு அது எப்படி ஒத்துப்போகும்? நாசுவின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். மளிகைக் கடையில் பில் போட்ட பிறகு ஒரு சோப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், மொத்தத்தையும் மறுபடி கூட்டுவதில்லை. பழையதைக் கழித்துப் புதியதைக் கூட்டுகிறோம். ஒரு நகர்த்தலில் மாறுவது ஓரிரு காய்கள்தான் என்பதால் வலையின் முதல் அடுக்கை அதேபோலக் கழித்துக் கூட்டியே நடத்தலாம். சாதாரணக் கணினியிலேயே ஓடும். 2020 செப்டம்பரில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 12 என்ற எஞ்சின் இதை ஏற்றுக்கொண்டது. 2023-இல் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டை அடியோடு நீக்கிவிட்டார்கள்.

இந்த வலைக்குப் பாடம் கற்பித்த விதம் முக்கியம். கோடிக்கணக்கான நிலைகளை, ஏற்கெனவே தேடிக் கிடைத்த மதிப்பெண்களோடு அதற்குக் காட்டினார்கள். ஒரு நிலையை ஆழமாகத் தேடினால் என்ன விடை வரும் என்பதைத் தேடாமலே ஊகிக்கக் கற்றது அது. காய் குறைவாக இருந்தும் வெற்றி பெற்ற நிலைகள் அதன் பாடத்தில் ஏராளம். அதனால் ஓடத் தயாராக நிற்கும் இரண்டு சிப்பாய்களையும் அவற்றின் அருகே வந்துவிட்ட ராஜாவையும் கண்டால், ஒரு பிஷப் குறைவு என்று மட்டும் அது சொல்வதில்லை. பத்து அரை நகர்த்தல் தள்ளித் தெரியவேண்டியது நாலு அரை நகர்த்தலிலேயே மங்கலாகத் தெரிகிறது. மங்கலாகத் தெரிந்தாலே போதும், குறைந்த ஆழத் தேடல் நின்று திரும்பிப் பார்க்கும். முழு ஆழத்துக்கு வரும்.

2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற எஞ்சின் வேறு வழியில் நடந்தது. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏழு கோடி நிலைகளைப் பார்க்க, அது 80,000 மட்டுமே பார்த்தது. ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய நூறு ஆட்டங்களில் 28 வென்று 72-ஐ டிரா செய்தது. வெளியான ஆட்டங்களில் சிப்பாய்களையும் சில சமயம் பெரிய காய்களையும் கொடுத்துவிட்டு, உடனே எதையும் திரும்பப் பெறாமல், எதிராளியின் காய்களை மூச்சுவிடவிடாமல் நெருக்கியதைப் பார்த்து ஆட்டக்காரர்கள் வியந்தார்கள். அதன் வலை ஒரு நிலையைப் பார்த்ததும் இரண்டு விடை தரும்: வெற்றி வாய்ப்பு எவ்வளவு, எந்தெந்த நகர்த்தலைத் தேடினால் பயன். நம்பிக்கை அதிகமுள்ள கிளைகளில் திரும்பத் திரும்ப இறங்கி, கிடைத்த மதிப்புகளின் சராசரியை எடுக்கும். நீண்டகால ஈட்டுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் முதற்பார்வையில் வலை ஒதுக்கிவிட்ட நகர்த்தலுக்கு வருகை அரிதாகவே கிடைக்கும். வெல்லும் பாதை ஊசி முனை அகலத்தில் இருந்தால் சராசரியில் அது கரைந்தும்விடும். அதே முறையில் உருவான லீலா என்ற எஞ்சினுக்கும் இந்தக் குறை உண்டு. இதற்காகவே பயிற்சி ஆட்டங்களில் முதற்பார்வை எண்களோடு வேண்டுமென்றே கொஞ்சம் தற்செயலைக் கலந்தார்கள். யாரும் மதிக்காத நகர்த்தலுக்கும் எப்போதாவது ஒரு முறை கதவு திறக்கும். உள்ளே புதையல் இருந்தால் வலை அதைக் கற்றுக்கொள்ளும்.

எந்த வழியில் போனாலும், எதிராளியும் தன்னைப்போலவே எல்லாவற்றையும் காண்பார் என்றே எஞ்சின் எண்ணுகிறது. 1999 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் காஸ்பரோவ் 24-ஆவது நகர்த்தலில் யானையால் டி4 சிப்பாயை வெட்டிப் பலி கொடுத்த ஆட்டம் பலருக்கும் பாடம். அதிலும் எதிரே டோபலோவ்தான். அவர் யானையை ஏற்றுக்கொண்டார். அவருடைய ராஜா பலகை முழுதும் விரட்டப்பட்டு வெள்ளையின் முதல் வரிசை வரை ஓடியது. யானையைத் தொடாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்பு தாக்குப்பிடித்திருக்கும் என்பதை இன்று எந்த எஞ்சினும் சொல்லிவிடும். கடிகாரம் ஓடும்போது ஒரு மனிதர் யானையை மறுப்பாரா என்பதற்கு அதன் கணக்கில் இடம் இல்லை. காஸ்பரோவின் கணக்கில் இருந்தது. நான் இதை எஞ்சினின் பெரிய குறையாக நினைக்கவில்லை. ஆனால் அதன் எண்ணை வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஷீரோவின் நிலையை நீங்களே கணினியில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. ஆட வேண்டியது கறுப்பு. எஞ்சின் முதலில் வேறு நகர்த்தல்களைக் காட்டிக்கொண்டிருக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் நீங்களே பிஷப்பை எச்3-இல் வையுங்கள். வெள்ளைச் சிப்பாயால் அதை வெட்டுங்கள். ராஜாவை எஃப்5-க்கு நடத்துங்கள். ஒவ்வொரு அடிக்கும் எண் கறுப்புப் பக்கம் சாயும். இனி இரண்டு வெட்டுகள் நடந்தால் காய்கள் ஏழாகக் குறையும். ஏழு காய்க்கு உட்பட்ட நிலைகள் எல்லாவற்றுக்கும் விடை எழுதிய அட்டவணைகள் இருக்கின்றன, அவை இணைந்திருந்தால் எஞ்சின் ஊகிக்கவும் வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு அடியாகப் பின்னால் வாருங்கள். எஞ்சின் தான் ஆராய்ந்த நிலைகளை மதிப்பெண்ணோடும் ஆழத்தோடும் நினைவக அட்டவணை ஒன்றில் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கும். 47-ஆவது நகர்த்தலுக்குத் திரும்பியதும் எச்3 கிளையைத் தொடுகிறது. அங்கே குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. சற்றுமுன் பட்டியலின் வாலில் கிடந்த பிஷப் நகர்த்தல் முதல் வரியில் வந்து நிற்கும்.